நோகாத குதிகால்

கதிர்காமத்தம்பிக்கு இடது குதிகால் ஒரு நாளும் நோகவில்லை. ஆனால் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் அவருடைய பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் குதிகாலைப் பற்றித் தெரியும். அதற்கு வைத்தியம் சொல்லாதவர் குறைவு. உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னார்கள். வேப்பெண்ணெய் பூசச் சொன்னார்கள். ஆரையம்பதியில் ஏறும் ஓர் ஆசிரியை, செருப்புக்குள் வைப்பதற்குப் பஞ்சுத் துண்டு ஒன்றைத் தானே வெட்டித் தைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். ஆள் மாறினாலும் மாறாமல் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையைப் போட்டு, குதியை வைத்து அழுத்து.

அவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினார். சொந்த ஊர் குருக்கள்மடம். முதலில் லொறியில் கிளீனர், பிறகு சாரதி. அந்த ரோட்டில் ஆட்டையோ மாட்டையோ மோதியதில்லை. ஒருமுறை ஒரு நாய் மாட்டியது. பயணிகள் முணுமுணுக்க, பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். செருப்பைக் கழற்றி ஆசனத்துக்குக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். இஞ்சினுக்கு என்ன குறை என்பதைப் பெடல் முதலில் உள்ளங்காலுக்குத்தான் சொல்லும் என்பது அவருடைய கட்சி. பஸ்ஸுக்குள் யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. பின்னேரம் பஸ்ஸைக் கொண்டுவந்து வீட்டு வளவில் பூவரச மரத்தடியில் விட்டதும், சீற்றுச் சீற்றாகப் பார்த்து, ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டி எடுப்பார்.

வினை அப்படி ஒரு ஸ்டிக்கரில்தான் வந்தது. கடைசிக்கு முந்திய சீற்றின் முதுகில் ஒட்டியிருந்தது. ஆண்களுக்கான அதிர்வலைச் சிகிச்சை. மருந்தில்லை, கத்தியில்லை, ஆறே வாரம். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அவர் அதைக் கிழியாமல் கவனமாக உரித்தார். உரித்ததை எறியாமல் சட்டைப் பையில் வைத்தார்.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. சீனி வருத்தம், நீரிழிவு, வந்து ஒன்பது வருடம். கிளினிக் கொப்பியை மனைவி அன்னப்பூரணிதான் கொண்டுபோய் மாத்திரை எடுத்து வருவாள். இவர் நேரில் போய் ஒன்றரை வருடம். மாத்திரையையும் பசியைப் பார்த்துத்தான் போடுவார். இரண்டு வருடமாக அவர் மனைவியோடு ஒரே கட்டிலில் படுப்பதில்லை. விடிய நாலரைக்குப் பஸ் எடுக்கவேண்டும், அவளுடைய நித்திரை ஏன் குழம்பவேண்டும் என்று சொல்லி, மண்டபத்தில் ஒரு கேம்ப் கட்டிலை விரித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடமும் நாலரைக்குத்தான் பஸ் எடுத்தார் என்பதை அவள் எடுத்துச் சொல்லவில்லை. அவரும் காரணத்தைச் சொல்லவில்லை. உடம்பு சொல்வழி கேட்கவில்லை என்று ஒரு மனிதன் யாரிடம் போய்ச் சொல்வது?

சிகிச்சை நிலையம் பட்டினத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. பெயர்ப்பலகையில் எலும்பு, மூட்டு, நரம்பு என்றுதான் எழுதியிருந்தது. அது அவருக்குப் பெரிய ஆறுதல். வியாழக்கிழமை அவருடைய பஸ் ஓடாது. ஆறு வியாழன் தொடர்ந்து பட்டினத்துக்குப் போவதற்கு வீட்டில் ஒரு காரணம் வேண்டும். குதிகால் என்று தீர்மானித்தார். எந்தக் குதிகால் என்று ஒரு ட்ரிப் முழுக்க யோசித்தார். வலது கால் அக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் உரியது. அது நோகிறது என்றால் முதலாளி வேறு சாரதி தேடுவார். இடது கால் கிளச்சுக்கு மட்டும். இடது என்று முடிவானது.

மேல்மாடியில் கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. முதல் வியாழன் அவரோடு இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மாங்கேணியிலிருந்து வந்த மீன் வியாபாரி. என்ன வருத்தம் என்று அவர் கேட்டார். குதி என்றார் கதிர்காமத்தம்பி. தனக்கும் குதிதான் என்றார் வியாபாரி. மற்ற இருவரும் கேட்காமலே தங்கள் குதியைச் சொன்னார்கள். பிறகு யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே கூப்பிடும்போது நாலு பேரும் நொண்டிக்கொண்டு போனார்கள்.

உள்ளே ஒரு பொடியன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். சீனி இருக்கிறதா என்று கேட்டான். ஓம் என்றார். கடதாசியில் ஒரு புள்ளடி போட்டான். வேறு எதையும் கேட்கவில்லை, இரத்தம் பார்க்கவில்லை, நெஞ்சில் குழாய் வைக்கவில்லை. குளிர்ந்த களிம்பைப் பூசி, கையில் பிடிக்கும் குழல் ஒன்றை அந்த இடத்தில் வைத்து இயக்கினான். டக் டக் டக் என்று தட்டியது. நோ பெரிதாக இல்லை, கூச்சம்தான் பெரிது. கதிர்காமத்தம்பி கூரையைப் பார்த்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். வால்வு டெப்பட் இளகின இஞ்சின் மாதிரி இருக்கிறது என்று நினைத்தார். அப்படி நினைத்ததும் கொஞ்சம் லேசாக இருந்தது. கால் மணித்தியாலத்தில் முடிந்தது. படியில் இறங்கும்போது நொண்ட மறந்து, பாதிப் படியில் ஞாபகம் வந்து நொண்டினார்.

பஸ்ஸின் கொண்டக்டர் வினாயகமூர்த்திக்கும் அவருக்கும் ஒரே வயது. முப்பது வருடப் பழக்கம். அவன் வாய்க்குப் பூட்டில்லை. இரண்டாம் வாரம் களுவாஞ்சிக்குடியில் தேத்தண்ணிக்கு இறங்கியபோது கேட்டான்: “மச்சான், உனக்கு உளையிறது இடதா வலதா? நேத்து வலதுக்கெல்லோ நொண்டினாய்.”

“இடதுக்கு ஓய்வு குடுத்தன்” என்றார் கதிர்காமத்தம்பி.

“நொண்டிறதுக்கும் லீவு வைச்சவன் நீதான்டா.”

அன்னப்பூரணி சிரிக்கவில்லை. குதி என்று கேட்ட அன்றே கிணற்றடிக்கு அங்கால் கிடந்த பழைய செங்கல் ஒன்றைக் கழுவி எடுத்துவிட்டாள். எருக்கிலைக்கு ரோட்டோரம் போனாள். பின்னேரம் அவர் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து முடிந்ததும், கேஸ் அடுப்பில் கல்லைச் சுட்டு, துணியால் பிடித்துக்கொண்டு வருவாள். கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து முதலில் எண்ணெய் தடவுவாள். பிறகு இலை, பிறகு கல். “சுடுதா?” என்று கேட்பாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, அவள் கண் சுருங்குவதைப் பார்த்து, “சுடுது, கொஞ்சம் எடு” என்பார். அவளுடைய விரல் நுனிகள் சிவந்திருக்கும்.

முதல் நாள் அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் வெட்கம் போய்விட்டது. பத்தாம் நாள் அவர் ஆரையம்பதிச் சந்திக்கு வரும்போதே பின்னேரத்தை நினைக்கத் தொடங்கிவிட்டார் என்று வினாயகமூர்த்தி பிறகு சொன்னான். என்னவோ பஸ் வீட்டை நோக்கித் தானாக ஓடியதாம். இரண்டு வருடமாக அவர் அவளைத் தொடாமல் இருந்தார். தொட்டால் கேள்வி வரும். இந்தக் கல்லுக்குக் கேள்வி இல்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டு மாடு, கச்சான் விலை, மகள் தனுஷா தொலைபேசியில் சொன்னது என்று எதையாவது கதைப்பாள். தனுஷா ஒரே பிள்ளை. கண்டியில் மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் வேலை.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் தனக்குள்ளேயும் மறைத்து வைத்திருந்தார். சூடு அவருக்குத் தெரியவில்லை. எண்ணெய் தெரியவில்லை, இலை தெரியவில்லை. அவளுடைய விரல் படுவதும் கணுக்காலுக்கு மேலேதான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், பெடல் பேசாமல் விட்டுக் கன நாள். அவர் கொஞ்சக் காலமாகக் காதை வைத்துத்தான் கியர் மாற்றினார். யோசித்துப் பார்க்கவில்லை.

ஐந்தாம் வியாழன் கழிந்து இரண்டாம் நாள் கேஸ் முடிந்துவிட்டது. அன்னப்பூரணி வெளி அடுப்பில் விறகு மூட்டிச் சமைத்தாள். கல்லைத் தணலுக்குள் வைத்து எடுத்தாள். துணியை இரண்டு மடங்காக மடித்துப் பிடித்ததால் அவள் கைக்கும் அளவு தெரியவில்லை. அன்று அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தனுஷா தீபாவளிக்கு வருகிறாள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அந்தச் சந்தோசத்தில் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சுடுதா?” என்று கேட்டாள். “நல்லாரிக்கு” என்றார்.

அடுத்த நாள் காத்தான்குடி தாண்டும்போது கிளச் வழுக்கியது. எண்ணெய் சிந்திவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். குதியிலிருந்து தோல் கழன்று தொங்கியது. அப்படியே பஸ்ஸை மட்டக்களப்புவரை ஓட்டி, ஆட்களை இறக்கிவிட்டு, பிறகுதான் வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டார்.

பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். ஒரு பெண் டொக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். படும்போது சொல்லச் சொன்னார். அவர் இரண்டு தரம்தான் ஓம் என்றார். அன்னப்பூரணி கட்டிலின் காலடியில் நின்று மிச்ச எட்டையும் பார்த்தாள். காலில் உணர்ச்சி இல்லாத ஆளுக்கு யார் சூடு வைத்தது என்று டொக்டர் கேட்டார். “நான்தான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லை விடவில்லை. வீட்டுக்கு வந்து, நாளாந்தம் மருந்து கட்டப் போய்வந்த நாட்களிலும், பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னாள். என்ட கையால சுட்டன். ஆசிரியை வந்தபோது சொன்னாள். முதலாளி வந்தபோது சொன்னாள். அவர் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டார். அவள் அவருடைய காலுக்குக் கிட்ட வருவதை விட்டுவிட்டாள். சோற்றுக் கோப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டு எட்டி நிற்பாள். கல்லைக் கிணற்றுக்கு அங்கால் எறிந்துவிட்டாள். நோகாத குதிக்குத்தான் அவள் சூடு வைத்தாள் என்று அவருக்கு மட்டும் தெரியும். புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. அவள் ஆறவில்லை.

தனுஷா லீவு போட்டுக்கொண்டு வந்தாள். காலைப் பார்த்தாள். அழவில்லை, கிளினிக் கொப்பியை எடுத்து வாசித்தாள். பிறகு அந்தச் சிகிச்சை நிலையத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். சீனி உள்ள ஆளின் குதியில் என்ன அழுத்தத்தில் எத்தனை அடி அடித்தார்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்களா? பில் எங்கே, அவர்களோடு தான் கதைக்கவேண்டும் என்றாள். பில் பஸ்ஸுக்குள், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. அதில் குதி என்று எழுதியிருக்கவில்லை.

பின்னேரம்வரை பொறுக்கச் சொன்னார். மகள் கடைக்குப் போன நேரம், அன்னப்பூரணியைக் கூப்பிட்டுத் தன்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வேறு சாரதி கிடைக்காமல் பஸ் பூவரச மரத்தடியில் ஒரு மாதமாக நின்றது. ஊன்றுகோலோடு ஏறிச் சாரதி ஆசனத்தில் இருந்தார். அவளைப் பக்கத்தில் இஞ்சின் பெட்டியின் மேல் இருக்கச் சொன்னார். முப்பது வருடத்தில் அவள் அங்கே இருந்ததில்லை. தலைக்கு மேலே, சாரதியோடு பேச வேண்டாம் என்று எழுதியிருந்தது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக வேலியைப் பார்த்தார். ஓட்டும்போது எதிரே பார்த்துக்கொண்டு கதைப்பதுதான் அவருக்குப் பழக்கம்.

“அன்னம், அந்தக் குதியில எனக்கு ஒரு நாளும் நோ இருக்கல்ல.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “மறுகா என்னத்துக்கு அஞ்சு கிழமை போனீங்க?”

“ரெண்டு வருஷமா வண்டி ஸ்டார்ட் எடுக்குதில்ல. அதுக்குப் போனன்.”

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அவர் ஸ்டிக்கரில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். நாலு நொண்டிகளையும் சொன்னார். குதிக்குச் சூடு தெரியவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சுடுது என்று சொன்னது, அன்று பார்க்காமல் நல்லாரிக்கு என்றது, எல்லாம் சொன்னார். நீ சுடவில்லை, என் பொய்தான் சுட்டது என்றார். வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அதுக்கா கேம்ப் கட்டிலுக்குப் போனீங்க?” என்றாள் அவள். “எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ரெண்டு மாசத்திலதானே போனீங்க. என்னில அருவருப்பு எண்டு நினைச்சன்.”

அவர் முதல்தரம் கிறுகி அவளைப் பார்த்தார். அந்த இரண்டு திகதிகளையும் அவர் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் நேரசூசியை நிமிடம் பிசகாமல் ஓட்டிய ஆள். கையை நீட்டினார். கியர்க் கம்பி இடையில் நின்றது.

“நானும் ஒண்டு சொல்லவேணும்” என்றாள். “நோ மாறிற்று எண்டு நீங்க சொல்லிப்போடக் கூடாது எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டன். மாறினா நீங்க காலைத் தரமாட்டீங்க. அந்தக் கும்பிட்ட பாவந்தான் சுட்டது எண்டு இருந்தன்.”

பிறகு அவள் கேட்டாள்: “அப்ப ஒரு மாசமா சும்மா கிடந்த குதிக்கா கல்லுச் சுட்டன்?”

“சும்மா எண்டு சொல்லாத” என்றார் அவர்.

பில்லை மகளிடம் அன்னப்பூரணிதான் கொடுத்தாள். அது குதிக்கில்ல புள்ள, அப்பாவோட ஒண்டும் கேக்காத என்று மட்டும் சொன்னாள். தனுஷா பில்லைப் பார்த்தாள். கருவியின் மாதிரி இலக்கம் அதில் இருந்தது. அந்த வகையை அவள் இரண்டு தரம் கழற்றிப் பூட்டியிருக்கிறாள். காற்றழுத்தத்தில் ஓர் உருக்குத் துண்டைத் தட்டி அதிர்வு உண்டாக்குவது. தோலுக்குக் கீழே கொஞ்சத் தூரம் போய் நின்றுவிடும். ஆண்களின் அந்தக் குறைக்குப் பெரும்பாலும் பரிசோதித்துப் பார்ப்பது வேறு வகை அலையை. அதுவும் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், இன்னும் உறுதியில்லை. பில்லை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, அந்த மெஷின் உண்மையில குதிக்குத்தான்.”

அன்னப்பூரணி குசினி நிலத்தில் இருந்து சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. என்னவென்று மண்டபத்திலிருந்து கதிர்காமத்தம்பி கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார். தனுஷா கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த மிச்சத்தை அவள் அன்று சொல்லவில்லை. அந்தக் குறை பல வேளை இரத்தக் குழாயின் குறை. சின்னக் குழாய் முதலில் அடைபடும், நெஞ்சின் குழாய் பிறகு. இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று வருடம் இருக்கலாம். இரண்டு வருடம் ஏற்கனவே கேம்ப் கட்டிலில் போய்விட்டது.

அடுத்த கிழமை அவளே அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நெஞ்சு பார்த்தார்கள், மருந்து மாற்றினார்கள். இரவில் மனைவியிடமே சொல்ல அவர் வெட்கப்பட்டதை டொக்டர் பகலில் சாதாரணமாகக் கேட்டார், அவரும் சாதாரணமாகச் சொன்னார். அதற்கும் மாத்திரை உண்டு, நெஞ்சு இடம் கொடுத்தால் பார்ப்போம் என்றார் டொக்டர். கேம்ப் கட்டில் அந்த மாதமே வினாயகமூர்த்தி வீட்டுக்குப் போனது. அதற்குமேல் அது அவர்கள் இருவரின் விஷயம்.

பஸ்ஸை அவராகவே விட்டார். பெடல் பேசுவது இனிக் கேட்காது, ஆட்களை ஏற்றக்கூடாது என்று முதலாளியிடம் நேரே சொன்னார். முதலாளி அவரைப் பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கும் வேலைக்கு இருத்தினார். உணர்ச்சியில்லாத பாதத்தை நாளாந்தம் யாராவது பார்க்கவேண்டும், சிறு காயமும் தப்பக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. பின்னேரம் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்ததும், அன்னப்பூரணி நிலத்தில் இருந்து அவருடைய காலை மடியில் வைப்பாள். டோர்ச் அடித்து விரலிடுக்கெல்லாம் பார்ப்பாள். ஐந்து நிமிட வேலை. அரை மணித்தியாலம் எடுப்பாள். இரண்டு வருடமும் நாலு மாதமும் ஒரு நாள் தப்பவில்லை.

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழேகால் பஸ்ஸின் நேரத்தை எழுதிவிட்டு, பேனையை மூடி, கதிரையில் சாய்ந்தார். நெஞ்சுதான். வினாயகமூர்த்தி ஓடிவரும்போது முடிந்துவிட்டது. அன்று குளிப்பாட்டியவர்கள், பாதம் இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை என்றார்கள்.

செத்த வீட்டுக்கு அந்த ரோட்டே வந்தது. கல்முனையிலிருந்து, காத்தான்குடியிலிருந்து, ஆரையம்பதியிலிருந்து வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. அந்தக் குதி வருத்தமா நெஞ்சுக்கு ஏறியது? அன்னப்பூரணி ஒவ்வொருவருக்கும் ஓம், அந்தக் குதியில தொடங்கினதுதான் என்றாள். தனுஷா பக்கத்தில் இருந்து கேட்டாள். திருத்தவில்லை.

முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமையில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் இலட்சுமிப்பிள்ளை எருக்கிலை ஒரு பிடியோடு வேலியடியில் நின்றாள். தன் புருஷனுக்கும் குதி உளைவாம். வியாழனுக்கு வியாழன் பட்டினத்துக்குப் போகிறாராம். கல் எவ்வளவு நேரம் சுடவேண்டும் என்று கேட்டாள்.

அன்னப்பூரணி அவள் கையிலிருந்த இலைகளை வாங்கி வேலிக்கு வெளியே போட்டாள்.

“கல்லு வேணாம் கா. நாளைக்கு வெள்ளண பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. சீனியையும் நெஞ்சையும் பார்க்கச் சொல்லு.” திரும்பப் போனவள் நின்று, இன்னும் ஒன்று சொன்னாள். “குதியைப் பத்தி அவர்ட்ட ஒண்டும் கேக்காத. பின்னேரத்தில காலை மட்டும் எடுத்து மடியில வைச்சிரு.”